நிரந்தர வதிவிடமுள்ள பதினெட்டுப் பேர்

மகள் கொண்டுவந்து கொடுத்த கடிதத்தை இராசதுரை மூன்று தடவை வாசித்தார். மூன்று தடவையும் அது ஒன்றையேதான் சொன்னது. துறைமுகமுனை மத்திய கல்லூரியின் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்கள் உதைபந்தாட்ட அணியில் இடம்பெற விரும்பும் மாணவிகளின் பெற்றோர், எதிர்வரும் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நேர்முகப் பரீட்சைக்குச் சமுகமளிக்க வேண்டும். வரும்போது கடந்த ஐந்து வருட வாக்காளர் இடாப்பின் பிரதிகள், வீட்டு உறுதி, மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும். மாணவி வரத் தேவையில்லை.

கடைசி வரிக்கு வந்ததும் அவர் மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இது பந்தடிக்கிறதுக்கோ, காணி எழுதுறதுக்கோ?"

"பந்தடிக்கிறதுக்குத்தான் அப்பா."

"நீ வரத் தேவையில்லையாம்."

"ஓம். பந்தும் தேவையில்லையாம். நஸ்ரியா ரீச்சர் கேட்டுப் பாத்தவவாம்" என்றாள் நிரோஜினி.

இராசதுரை சாம்பல்தீவில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிறவர். ஓர் எஞ்சின் நல்லதா கெட்டதா என்று அறிய வேண்டுமானால் கயிற்றைப் பிடித்து ஓர் இழுவை இழுப்பார். உறுமினால் நல்லது, உறுமாவிட்டால் கழற்ற வேண்டியதுதான். உலகத்தில் மற்றதையெல்லாமும் இப்படித்தான் சோதிப்பார்கள் என்று நாற்பத்தாறு வயதுவரை நம்பிக்கொண்டிருந்த அப்பாவி அவர்.

மகள் வேறு எதையும் அவரிடம் கேட்டதில்லை. இந்த ஒரு விளையாட்டைத்தான் கேட்டாள். போன வருடம் வலயப் போட்டிகளில் ஒன்பது கோல் அடித்து, பாடசாலை வாசலில் கண்ணாடி அலுமாரிக்குள் நிற்கிற கேடயத்தை வாங்கிக் கொடுத்தவள். இந்த டிசம்பரில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. அடுத்த வருடம் இந்த அணிக்கு அவள் வயது கூடியவள். மாகாண அணிக்கு ஆள் தெரிவுசெய்ய இரண்டு பேர் குறிப்புப் புத்தகத்தோடு வரப்போவது ஒரே ஒரு போட்டிக்கு. அது மாதக் கடைசியில், அவளுடைய பாடசாலை மைதானத்திலேயே நடக்க இருந்தது. அதில் விளையாடினால் அவளுக்கு ஒரு வழி பிறக்கும். விளையாடாவிட்டால் பிறகு பார்க்க வேறு போட்டி கிடையாது.

இந்தக் கடிதத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. போன வருடம்வரை விளையாட்டு ஆசிரியை நஸ்ரியா பிள்ளைகளை மைதானத்தில் விட்டு, விளையாட வைத்துப் பார்த்து, நன்றாக விளையாடினவர்களை எடுத்துவந்தார். இப்படி ஒரு மூடத்தனம் எத்தனை நாளைக்கு நடக்கும்? எடுபடாத பிள்ளைகளின் பெற்றோர் பதினொரு பேர் பதினொரு மனு எழுதினார்கள். மனு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து விளக்கம் கேட்டு அதிபருக்குத் திரும்பி வந்தது.

அதிபர் ஞானசேகரம் லேசுப்பட்டவர் அல்லர். முதலாந் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நேர்முகப் பரீட்சையைப் பதினான்கு வருடம் தலைமை தாங்கி நடத்தியவர். அதில் வீடு எவ்வளவு கிட்ட, வாக்காளர் இடாப்பில் பெயர் உண்டா, தாய் தகப்பன் பழைய மாணவரா என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். அந்தப் பதினான்கு வருடத்தில் பெற்றோர் போட்ட ஒரு வழக்கிலும் அவர் தோற்றதில்லை. அவர் அந்தப் புள்ளித்திட்டத்தை எடுத்தார், 'முதலாந் தரம்' என்று இருந்த இடமெல்லாம் வெட்டி 'உதைபந்தாட்டம்' என்று எழுதினார், றப்பர் முத்திரை குத்தினார். ஓர் இடத்தில் மட்டும் வெட்ட மறந்துபோனார். விண்ணப்பதாரி ஐந்து வயதைப் பூர்த்தி செய்திருக்க வேண்டும் என்ற விதி அப்படியே கிடந்தது. எல்லாப் பிள்ளைகளும் அதைத் திருப்தி செய்தபடியால் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இராசதுரை சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியும் எண்ணெய் போகாத கைகளோடு, ஒரு பைல் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். நீண்ட மேசைக்குப் பின்னால் நடுக்கதிரையில் அதிபர் இருந்தார். வலது பக்கம் பழைய மாணவர் சங்கச் செயலாளர் றுவைஸ். இடது பக்கம் வலய அலுவலகப் பிரதிநிதி. அவர் வாயே திறக்கவில்லை, தேநீர் வந்தபோது தவிர. நஸ்ரியா ரீச்சரை மூலையில் ஒரு மர வாங்கில் இருத்தியிருந்தார்கள். அவருக்கு முன்னால் 'அவதானிப்பாளர்' என்று எழுதிய அட்டை ஒன்று இருந்தது.

"ரீச்சர்தானே பிள்ளையளைப் பழக்கினவ. அவவைக் கேட்டால் தெரியுமே, சேர்" என்றார் இராசதுரை.

"அதுதான் சிக்கல்" என்றார் அதிபர். "அவ பக்கச்சார்பானவ. எந்தப் பிள்ளை நல்லா விளையாடும் எண்டு அவவுக்கு முன்கூட்டியே தெரியும். எங்களுக்கு ஒண்டும் தெரியாது. அதாலதான் எங்களால நேர்மையா நடக்கேலும்."

றுவைஸ் ஒரு பெரிய வரைபடத்தை மேசையில் விரித்து அடிமட்டத்தை வைத்தார்.

"வதிவிடத்துக்கு ஐம்பது புள்ளி. உங்கட முன்வாசல் கதவிலயிருந்து மைதானத்தின்ர நடுப்புள்ளிக்கு நேர்கோடு" என்றார். "முதல்ல கோல் கம்பத்துக்குத்தான் அளக்கிறதா இருந்தது. வடக்குக் கம்பத்துக்கு அளந்தால் தெற்குப் பக்கத்து வீட்டுக்காரர் வழக்குக்குப் போவினம். மூண்டு கூட்டம் வைச்சுத்தான் நடுப்புள்ளிக்கு வந்தனாங்கள்."

கோடு சாம்பல்தீவிலிருந்து புறப்பட்டது. வழியில் மைதானமுள்ள ஒவ்வொரு பாடசாலைக்கும் ஐந்து புள்ளி கழிக்க வேண்டுமாம். றுவைஸ் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"ஓரிடத்தில கோடு கடலுக்கு மேலால போகுது. அதால ரெண்டு பள்ளிக்கூடம் தப்பிச்சுது" என்றார். "நீங்கள் அதிர்ஷ்டசாலி."

"சேர், அவள் ஆறாம் வகுப்பிலயிருந்து இஞ்சதானே படிக்கிறாள்."

"படிக்கட்டும், ஆர் வேண்டாம் எண்டது?" என்றார் அதிபர் அன்போடு. "பந்தடிக்கிறதுக்குத்தான் உங்களுக்குக் கிட்ட நாலு பள்ளிக்கூடம் இருக்கெண்டு சொல்லுறம். நீங்கள் இந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவரோ?"

"இல்லை."

"இருபத்தைஞ்சு போச்சு. மூத்த பிள்ளையள் ஆரும் இஞ்ச படிச்சவையோ?"

"இவள்தான் மூத்தவள்."

"அதைக் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்" என்று சொல்லி அதிபர் அந்தப் பதினைந்தையும் வெட்டினார்.

மிச்சமாக ஒரு பத்துப் புள்ளி இருந்தது. பாடசாலையில் கூலியில்லாமல் செய்த சிரமதானத்துக்கு ஐந்து. 'ஏனையவை'க்கு ஐந்து. அந்த ஏனையவைக்குள்தான் உதைபந்தாட்டம் சதுரங்கம், பண்ணிசை, குர்ஆன் ஓதும் கிறாஅத், அழகிய கையெழுத்து ஆகியவற்றோடு நெருங்கியடித்துக்கொண்டு இருந்தது.

"ஒன்பது கோல் அடிச்சவள், சேர்" என்றார் இராசதுரை.

"ஆதாரம்?"

"வெளியில அலுமாரிக்குள்ள கேடயம் இருக்கு. நீங்கள்தான் மேடையில வாங்கினீங்கள்."

"கேடயத்தில பாடசாலையின்ர பேர்தான் இருக்கு. பிள்ளையின்ர பேர் இல்லை. இருந்தாலும் நாங்கள் கல்நெஞ்சக்காரர் இல்லை, ரெண்டு புள்ளி போடுறம்."

மூலையில் நஸ்ரியா ரீச்சர் கையை உயர்த்தினார். அவதானிப்பாளர் அவதானித்தால் போதும் என்று அதிபர் நினைவூட்ட, அவர் கையைக் கீழே போட்டார்.

வெள்ளிக்கிழமை பெயர்ப் பட்டியல் அறிவித்தல் பலகையில் ஏறியது. பதினெட்டுப் பேர். முதலாம் இடம் தயாளினிக்கு, தொண்ணூற்றாறு புள்ளி. மைதானத்து மதிலும் அவளுடைய வீட்டு மதிலும் ஒன்றுதான். தகப்பனும் தாயும் பழைய மாணவர்கள், இரண்டு அக்காமார் முன்னாள் மாணவத் தலைவிகள். பந்து எப்போதாவது அவர்கள் வீட்டு முற்றத்தில் விழுந்தால் தயாளினி அதைத் தொடமாட்டாள், தாயைத்தான் கூப்பிடுவாள். பட்டியலைப் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே அழத் தொடங்கினாள். நிரோஜினி பத்தொன்பதாவது. அவளுடைய பெயர் கோட்டுக்குக் கீழே, 'காத்திருப்போர்' என்ற தலைப்பில் தனியாக இருந்தது.

"அக்கா, எனக்குப் பந்தைக் கண்டாலே கண் தானா மூடுது" என்று தயாளினி நிரோஜினியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நான் விலகிறன், உங்களைப் போடச் சொல்லிக் கடிதம் குடுத்தனான். விலக ஏலாதாம்."

"ஏனாம்?"

"நான் விலகினால் வெட்டுப்புள்ளி இறங்குமாம். இறங்கினால் மற்றாக்களெல்லாம் வழக்குக்குப் போவினமாம். பள்ளிக்கூடத்தின்ர நன்மைக்காக விளையாடட்டாம்."

இரண்டு பிள்ளைகளும் பலகைக்குக் கீழே நின்று அழுதார்கள். ஒருத்தி உள்ளே இருப்பதற்கு, மற்றவள் வெளியே இருப்பதற்கு.

இராசதுரை மேன்முறையீடு எழுதிக் கொடுத்தார். அது மூன்று பிரதிகளில் இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று பிரதிகளில் கொடுத்தார். அதைப் பரிசீலிக்க ஆறு வாரம் ஆகும் என்றார்கள். போட்டிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அன்று மாலை நஸ்ரியா ரீச்சர் தன் ஸ்கூட்டரில் சாம்பல்தீவுக்கே வந்து, எஞ்சின்களுக்கு நடுவில் கிடந்த முக்காலியில் இருந்தார்.

"அண்ணன், நான் சொல்லுறனெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதீங்க. டவுனுக்குள்ள உங்களுக்குச் சொந்தக்காரர் ஆரும் இருக்காங்களா?"

"லிங்கநகரில மனுசியின்ர தங்கச்சி இருக்கிறா. ஏன் ரீச்சர்?"

"முகவரியை மாத்துங்க. வீடு மாறினாக்களுக்கு விசேட பரிசீலனை இருக்கு, ஒரு கிழமையில முடிவு. எல்லாரும் அதைத்தான் செய்றாங்க. மைதானத்துக்குப் பின்னால ஒரு வீட்டில நாலு கோல்கீப்பர் பதிஞ்சிருக்கிறாங்க, அண்ணன். நாலு பேரும் ஒரு தாய் பிள்ளைகளாம். வயசு எல்லாருக்கும் பதினாறு."

இராசதுரை வாழ்க்கையில் பொய்க் கையெழுத்துப் போட்டவரில்லை. பழுதான எஞ்சினை நல்லதென்று சொல்லி ஒருவரையும் கடலுக்கு அனுப்பியவருமில்லை. அன்றைக்கு அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, மகள் தன் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்ததைப் பார்க்கத்தான் தாங்கமுடியவில்லை. மனைவியின் தங்கை புஷ்பவதி வீட்டில் ஒரு கட்டில், மேசை, பாடப் புத்தகங்கள், சீப்பு எல்லாம் கொண்டுபோய் வைத்து, வீடு மாறியதாக விண்ணப்பமும் கொடுத்தார். பிள்ளையும் அங்கேயே போய்த் தங்கினாள். ஆகவே அது பொய்கூட இல்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

பரிசோதனைக் குழு ஒரு புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குப் புஷ்பவதியின் கதவைத் தட்டியது. முன்னறிவித்தல் இல்லாமல் போவதுதான் முறை. அதிபர் கட்டிலை அழுத்திப் பார்த்தார். றுவைஸ் குளியலறைக்குள் போய், பல் துலக்கும் பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து எழுதிக்கொண்டார். ஈரமாகத்தான் இருந்தது.

"பிள்ளை எங்க?" என்றார் அதிபர்.

"அவள் அஞ்சு மணிக்கே எழும்பிப் பந்தடிக்கப் போட்டாள், சேர்" என்றார் புஷ்பவதி பெருமையாக. "கடற்கரையில நிப்பாள். ஒரு நாளும் தவறமாட்டாள்."

அந்தப் பெருமையோடு கதை முடிந்தது. மறுநாள் வந்த அறிக்கையில் இப்படி இருந்தது: 'பரிசோதனையின்போது விண்ணப்பதாரி வீட்டில் காணப்படவில்லை. காரணம்: பயிற்சி. தினமும் வெளியில் செல்பவராகத் தெரிவதால் நிரந்தர வதிவிடமாக ஏற்றுக்கொள்ள முடியாது.' அதே காலையில் தயாளினியின் வீட்டுக்கும் போயிருந்தார்கள். அவள் நல்ல நித்திரை. அவளுடைய அறிக்கையில் 'மிகத் திருப்திகரம்' என்று இருந்தது.

போட்டி நாளும் வந்தது. மட்டக்களப்பிலிருந்து வந்த அணி மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே சனம் நின்றது. கூடாரத்துக்குள் வெள்ளைச் சீலை விரித்த மேசையில் தெரிவுக்குழு பைல்களோடு இருந்தது. நிரோஜினி கயிற்றுக்கு வெளியே தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றாள். தோளில் தொங்கிய பைக்குள் சப்பாத்து இருந்தது. எதற்கும் கொண்டுவா என்று நஸ்ரியா ரீச்சர் சொல்லியிருந்தார்.

யார் எங்கே விளையாடுவது என்பதும் புள்ளிப்படிதான். கூடிய புள்ளி எடுத்தவர் முன்னுக்கு, புள்ளி குறையக் குறையப் பின்னுக்கு. தொண்ணூற்றாறு எடுத்த தயாளினி நடு முன்னணியில் நின்று, பந்து தன்னை நோக்கி வரும் நேரமெல்லாம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடினாள். கோல்கீப்பராக வாய்த்தவள் நாலடி ஆறங்குலம். அவளுடைய வீடு மைதானத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது, அதுதான் அவள் செய்த பிழை. இருபது நிமிடத்தில் ஐந்து கோல் விழுந்தது.

இருபத்திரண்டாம் நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குக் கால் சுளுக்கியது. நஸ்ரியா ரீச்சர் கூடாரத்துக்கு ஓடினார்.

"சேர், வெளியில இருக்கிற மிச்ச ஏழு பேரும் பந்துக்குப் பயந்து இறங்க மாட்டோமெண்டு நிக்கிறாங்க. காத்திருப்போர் பட்டியலில முதலாவது ஆள் சப்பாத்தோட நிக்கிறா. போடட்டா?"

"உடனே கூட்டத்தைக் கூட்டுவம்" என்றார் அதிபர் சுறுசுறுப்பாக. "ஆர் முன்மொழியிறது?"

றுவைஸ் முன்மொழிந்தார். வழிமொழிய வேண்டிய வலயப் பிரதிநிதியைக் காணவில்லை. அவர் சாப்பிடப் போயிருந்தார். ஓர் ஆளை அனுப்பினார்கள். மைதானத்தில் பத்துப் பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள், அதில் மூன்று பேர் பந்துக்கு எதிர்ப்பக்கமாக. ஆறாவது கோலும் ஏழாவது கோலும் விழுந்தன. குறிப்புப் புத்தகத்தோடு வந்திருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதை இராசதுரை கண்டார். அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போய், கூடாரத்துக்கு முன்னால் நின்று கைகூப்பினார். வாழ்க்கையில் கோயிலைத் தவிர வேறெங்கும் அவர் அப்படி நின்றதில்லை.

"சேர், பத்து நிமிசம் விடுங்கோ. பிறகு வெளியில எடுங்கோ. அந்த ரெண்டு பேரும் ஒருக்காப் பாக்கட்டும். அது போதும், வேற ஒண்டும் கேக்கேல்லை."

அதிபர் எழுந்து வந்து அவருடைய தோளில் கை வைத்தார். அந்த மனிதரின் கண்ணில் உண்மையாகவே ஈரம் இருந்தது.

"உங்கட மகள் கெட்டிக்காரி எண்டு எனக்குத் தெரியாதோ? போன வருசம் ஒன்பது கோலுக்கும் எழும்பி நிண்டு கைதட்டினவன் நான். ஆனா இராசதுரை, நல்லா விளையாடுற பிள்ளையைப் போடலாம் எண்டு ஒருக்கா விட்டமெண்டால், நாளைக்கு எல்லாப் பிள்ளையளும் நல்லா விளையாடப் பழக வெளிக்கிடுவினம். பிறகு ஆரை விடுறது, ஆரை எடுக்கிறது? அதை ஆர் சமாளிக்கிறது?"

வலயப் பிரதிநிதி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து வழிமொழிந்தபோது இடைவேளை விசில் ஊதியது. இடைவேளையில் எடுத்த தீர்மானம் அடுத்த பாதிக்குச் செல்லுமா என்று சுற்றறிக்கையில் இல்லை என்று றுவைஸ் சுட்டிக்காட்டினார். அதை ஆராயத் தொடங்கினார்கள். குறிப்புப் புத்தகக்காரர் இருவரும் புத்தகத்தை மூடிக்கொண்டு வாகனத்தில் ஏறுவதை நிரோஜினி பார்த்துக்கொண்டு நின்றாள். வாகனம் வாசலால் வெளியே போய்த் திரும்பும்வரை பார்த்தாள். பிறகு தோளிலிருந்த பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

ஆட்டம் பதினான்குக்குப் பூச்சியம் என்று முடிந்தது. அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"கோல்களை எண்ணுகிறவர்கள் எண்ணட்டும்" என்றார். "நான் எண்ணுவது மனுக்களை. போன வருடம் நாம் வென்றோம். மனுக்கள் பதினொன்று. இந்த வருடம் வந்தது ஒரே ஒரு மேன்முறையீடு. அதுவும் முறைப்படி மூன்று பிரதிகளில் வந்தது. தோற்றாலும் ஒருவருக்கும் அநியாயம் செய்யாமல் தோற்ற பாடசாலை என்று நாளைய வரலாறு எங்களைச் சொல்லும்."

கூடாரத்துக்குள் கைதட்டினார்கள். தயாளினி நெற்றியில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு மதிலோரமாக வீட்டுக்குப் போனாள்.

ஒரு மாதம் கழித்து, தபால்காரர் இராசதுரையின் வேலைக்கொட்டிலுக்குப் பதிவுத்தபால் ஒன்று கொண்டுவந்தார். மேன்முறையீட்டின் முடிவு. சாம்பல்தீவுக்கும் கல்லூரிக்கும் இடையிலுள்ள நான்கு பாடசாலைகளில் ஒன்றின் மைதானத்தில் மூன்று வருடத்துக்கு முன்னரே கட்டடம் எழும்பிவிட்டது என்பது கள ஆய்வில் தெரியவந்ததாம். ஆகவே கழித்த ஐந்து புள்ளி திருப்பி வழங்கப்பட்டு, மாணவி செல்வி இராசதுரை நிரோஜினி பட்டியல் வெளியான நாளிலிருந்து செயற்படும்வண்ணம் அணியில் சேர்க்கப்பட்டிருக்கிறார். தெரிவுக்குழு தன் வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொண்டது.

இராசதுரை "பிள்ளை" என்று கத்திக் கூப்பிட்டுவிட்டார். அவள் குசினியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள். அதற்குப் பிறகுதான் இரண்டாம் பக்கம் ஒன்று இருப்பதை அவர் கண்டார்.

அணியின் உறுப்பினராகிய மேற்படி மாணவி மாகாண மட்டப் போட்டிக்குச் சமுகமளிக்காதது அவதானிக்கப்பட்டுள்ளது. அணி பாரிய தோல்வியைத் தழுவிய நிலையில் இது கடுமையாக நோக்கப்படுகிறது. சமுகமளிக்காமைக்கான காரணத்தை இணைக்கப்பட்ட படிவத்தில் ஏழு நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். தவறினால் மாணவியின் பாடசாலை விடுகைப் பத்திரத்தில் குறிப்பிடப்படும்.

வாசித்து முடித்துவிட்டு இராசதுரை படிவத்தை எஞ்சின் மூடியின்மேல் வைத்தார். பேனையைத் தேடி எடுத்தார். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அவர் மகளைப் பார்க்கப் பயந்து படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரணம் கேட்டிருக்கினம்" என்றார்.

"வந்தனான் எண்டு எழுதுங்கோ அப்பா" என்றாள் நிரோஜினி. "தொடங்கினதிலயிருந்து முடியுமட்டும் அங்கதான் நிண்டனான். சப்பாத்தும் கொண்டுவந்தனான். அதையும் எழுதுங்கோ."

அவள் சொன்னபடியே எழுதினார். கையெழுத்துப் போட்டார். அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. 'ஆதாரம் உண்டு / இல்லை. பொருத்தமற்றதை வெட்டுக.'

அவர் 'உண்டு' என்பதை வெட்டினார்.